முத்துக்குமரன் அத்தானின் சிவப்புக் கிடார்

என் அக்கா அஞ்சுகத்தின் கணவர் முத்துக்குமரன் கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். படகும் அவருடையதல்ல, மீனும் அவருடையதல்ல. இரண்டுக்கும் நடுவில் நின்று விலை கூறி, கமிஷன் எடுத்துக்கொள்ளும் தரகர். சாயங்காலமானால் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, பவுடர் பூசி, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு உத்திராபதி அண்ணனின் மெல்லிசைக் குழுவுக்கு ஒத்திகைக்குக் கிளம்பிவிடுவார்.

அவரைப் பற்றிச் சொல்வதானால் அருள்ராஜிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவரே அப்படித்தான் தொடங்குவார். அருள்ராஜ் அதே குழுவில் இன்னொரு கிடார்க்காரன், அத்தானைவிடச் சின்னவன். 2007 பொங்கலுக்கு பிரான்சிலிருந்து வந்த அவன் அக்கா அவனுக்கு ஒரு எலக்ட்ரிக் கிடார் கொண்டுவந்தாள். தேன் நிறம், ஓரமெல்லாம் கறுப்பு. அதுவரை பாட்டுக்கு நடுவே வரும் தனி வாசிப்பெல்லாம் அத்தானுக்கு. அதற்குப் பிறகு எல்லாம் அருள்ராஜுக்கு. அத்தான் தன் பழைய கிடாரில் பின்னால் நின்று தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் வாசிக்கலடி, அந்தக் கிடார் வாசிக்குது" என்பார் அக்காவிடம்.

"அப்ப அதையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே."

"உனக்குக் கேலியா இருக்கு. மேடையில லைட்டு அடிக்கிறவன்கூட அவன் பக்கமே திருப்பி வச்சிருக்கான்."

அருள்ராஜ் புதுச் சட்டை போட்டு வந்தால் இவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. அவன் வண்டிக்கு சைலன்சர் மாற்றினால் இவர் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்பார்.

ஆறு வருடம் பயணக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு நான் ஊர் திரும்பியது அதற்கு அடுத்த வருடம். வந்த வாரமே அத்தான் என்னைக் காரைக்காலில் நீலமேகம் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனார். இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது அவருக்கு.

திரையில் ஒரு சிவப்புக் கிடார். அருள்ராஜின் கிடாரில் இருந்த அதே கம்பெனிப் பெயர், விலையோ அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கடல் தாண்டி எங்கோ இருந்த ஒருவன் விற்கிறான். அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கிடார் உன் கையில் இருக்கிறதா என்று மட்டும் நானாகச் சேர்த்துக் கேட்டேன். இல்லை, நான் ஆர்டர் பிடிப்பவன், பட்டறையிலிருந்து வாங்கி அனுப்புவேன் என்று பதில் வந்தது.

"அத்தான், இவன்கிட்ட சரக்கே இல்ல. யாரோ எடுத்த படத்தைக் காட்டிக் காசு வாங்குறான்."

அத்தானின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம தொழில்தான்!"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கரையில் படகுக்காரன் யாரென்று வியாபாரி பார்ப்பதில்லை, ஏலம் விட்டவன் யாரென்றுதான் பார்ப்பான். கூடையில் மேலே கெட்டியான மீனும் அடியில் கொழகொழத்ததும் இருந்தால் மறுநாள் தரகரிடம்தான் கொண்டுவந்து காட்டுவான். தரகர் வாய் பேசாமல் தன் கமிஷனிலிருந்து ஈடு செய்வார். இவனிடம் நம்பி வாங்கலாம் என்று யாரையாவது கைகாட்டிவிட்டவனும் அதே மாதிரிப் பொறுப்பு. நடுவில் நிற்கிறவன்தான் நம்பிக்கைக்குரியவன் என்பது அத்தான் பிறந்ததிலிருந்து கண்ட உலகம்.

"அவன் நாளைக்கு நம்ம கரைக்கு வரமாட்டானே அத்தான்?"

"நீ ஊரு ஊராப் போயி எல்லாத்தையும் பாத்துட்ட. நான் ஒண்ணே ஒண்ணு வாங்குறது பொறுக்கல, இல்ல?"

அருள்ராஜும் வழியில் நிறுத்திச் சொல்லியிருக்கிறான். "தொட்டுப் பாக்காம வாங்காதீங்கண்ணே. கழுத்து வளைஞ்சிருந்தா திருப்பி அனுப்ப முடியாது." அதை வீட்டுக்கு வந்து சொல்லி அத்தான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வயிறு எரியுது பயலுக்கு. இப்பவே எரியுது!"

நீலமேகத்தின் கிரெடிட் கார்டில் பணம் போனது. பெட்டி சென்னை கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது பொம்மை என்று அனுப்பியவன் எழுதியிருந்தான். அத்தான் இரண்டு நாள் ஏலத்தை விட்டுவிட்டு அலைந்து, அபராதத்தோடு மீட்டுவந்தார். "வரி குறையட்டும்னு நமக்காக எழுதியிருக்கான் பாவம்" என்றார்.

பெட்டியைத் திறந்தபோது நானே கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பு. வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து காட்டுவது போல அத்தான் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பட்டினச்சேரித் திருவிழாக் கச்சேரியில் அன்று எல்லாத் தனி வாசிப்பும் அவருக்கே. உத்திராபதி அண்ணன் மைக்கிலேயே "நம்ம முத்துக்குமரன் வெளிநாட்டுக் கிடாரோட" என்று அறிவித்தார். அத்தான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. வாசித்த நேரமெல்லாம் அருள்ராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் கறுத்ததில் அவருக்குக் கிடைத்த நிறைவை எந்தக் கைதட்டலும் கொடுத்திருக்காது.

கொஞ்ச நாளில் கிடார் சுதி நிற்க மறுத்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முறுக்க வேண்டியிருந்தது. கம்பிகள் மேலே எழும்பி, அழுத்தினால் விரல் நொந்தது. ஒரு மத்தியானம் அத்தான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடாரின் பின்பக்கத்து நாலு ஸ்குரூவையும் கழற்றினார். அக்காவும் நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கழுத்து பொருந்துகிற இடத்தில் மரம் பிளந்து, உள்ளே பட்டி வைத்து அடைத்திருந்தது. கட்டையல்ல, பிளைவுட். சிவப்பு வெறும் மேல்பூச்சு.

விற்றவனுக்கு எழுதினோம். நான் நடுவில் இருப்பவன் மட்டுமே, பட்டறையைக் கேளுங்கள் என்று பதில் போட்டான். பிறகு பதிலே இல்லை.

"நடுவுல இருக்கறவன் மட்டுமேவா?" அத்தான் அந்த வரியை என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொன்னார். பணம் போனதைவிட அது அவரைச் சுட்டது. ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. ஸ்குரூவை முடுக்கி, மேடையில் சிரித்தபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அருள்ராஜ் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தான்.

"அண்ணே, அந்த ஆளு அட்ரஸ் வேணும். நானும் ஒண்ணு ஆர்டர் சொல்லலாம்னு இருக்கேன். நீலக் கலர்ல."

"உன்கிட்டதான் இருக்கே."

"அது பழசாயிருச்சுண்ணே. வித்துட்டுத்தான் இத வாங்கணும். நீங்களே வேணா எடுத்துக்கங்களேன். உங்களுக்குன்னா குறைச்சுத் தர்றேன். ஆளு நம்பிக்கையானவன்தானே?"

இரண்டு வருடமாக எந்தக் கிடாரை நினைத்துச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாரோ, அது நடந்து வீடு தேடி வந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும். கிடார் இவருக்கு, பிளைவுட் அவனுக்கு, முதல் இடம் என்றைக்கும் இவருக்கே.

அத்தான் தலையை ஆட்டினார். "நாளைக்குத் தர்றேன்டா."

அவன் போனதும் அக்கா கேட்டாள்: "கைகாட்டி விடுறீங்களா?"

"எனக்கு ஒருத்தனும் வேண்டாம்னு சொல்லலியே."

"அவன்தான் வேண்டாம்னு சொன்னானே. நீங்கதானே கேக்கல?"

மறுநாள் கரையில் ஒரு வியாபாரி முந்தின நாள் கணவாய்க் கூடையோடு வந்து நின்றான். அத்தான் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியெல்லாம் கெட்டிருந்தது. சண்டையில்லாமல் ஈடு கொடுத்தார். கொடுத்துவிட்டு, கை கழுவாமலே வீட்டுக்கு வந்தார். கிடாரையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அருள்ராஜ் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்காதடா அதை."

"ஏண்ணே?"

"ஆளு சரியில்ல."

அருள்ராஜ் துணியைக் கீழே போட்டான். "நேத்து தலைய ஆட்டுனீங்க. நான் நீலக் கிடாரோட உங்களுக்குச் சமமா நிக்கக் கூடாது, அதானே? இவ்வளவு பொறாமை ஆகாதுண்ணே."

அத்தான் அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நாலு ஸ்குரூவையும் கழற்றி, கழுத்தைத் தனியாக உருவி, பிளந்த இடத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அருள்ராஜ் குனிந்து பட்டியை நகத்தால் சுரண்டினான். உதிர்ந்தது. அவன் முகத்தில் முதலில் வந்தது பரிதாபமல்ல. நிம்மதி. நான் ஒரு வருடம் வேலை பார்த்த ஒரு கப்பலில், கூட வேலை செய்தவளின் பதவி உயர்வு ரத்தானபோது என் முகத்திலும் அதுதான் வந்திருக்கும்.

"இதோடயா இத்தன நாளு என்னை வேக வச்சீங்க?" என்று சிரித்தான்.

"கம்பியை முறுக்கி முறுக்கி" என்றார் அத்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலத்துக்குள் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது. உத்திராபதி அண்ணன் மைக்கை அருள்ராஜ் பக்கம் நகர்த்தி வைத்தார். அத்தான் பழைய கிடாரோடு பின்வரிசைக்குப் போனார்.

அடுத்த வாரம் ஒத்திகை முடிந்தபோது அருள்ராஜ் தன் கிடாரைக் கழற்றி, "ஒரு பாட்டு வாசிங்கண்ணே" என்று நீட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்த அத்தானிடம் எப்படி இருந்தது என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. சும்மா பேருதான்" என்றார்.

அக்கா குழம்பு ஊற்றினாள். அவர் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் மட்டும் தண்ணீர்ச் சொம்பின் கழுத்தைப் பிடித்து, ஏதோ ஒரு பாட்டின் நடுப்பகுதியை அழுத்திக்கொண்டே இருந்தன.