பின்சக்கரத்தின் ஆட்டம்

பழைய மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்று கணவர் மாரப்பன் சொன்னதும் கமலாத்தாளுக்கு மூச்சு வந்தது. விற்குமுன் அதைப் பிரித்துச் சரிசெய்யப் போகிறேன் என்று அவர் சேர்த்துச் சொன்னபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“என்ற காலை முறிச்ச வண்டிக்கு இன்னுஞ் சீராட்டுங்களா?”

வடகரப்பதி சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் எங்கே நின்றாலும் சரிசெய்ய மாரப்பனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் தன் வண்டியைக் கவனிக்க அவருக்கு நேரமில்லாமல் போயிற்று. பின்னால் உட்கார்ந்தால் வண்டி இடுப்பை ஆட்டுகிறது என்று அவள் இரண்டு முறை சொன்னாள். டயரில் காற்று குறைவு என்று அடித்துவிட்டு அதோடு விட்டார். எழுபத்தைந்தாம் வருஷம் பங்குனியில் முதலமடைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, மாங்காய் லாரிக்கு வழிவிட ஒதுங்கிய வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாக இழுத்துக்கொண்டு போனது. அவருக்குச் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

பக்கத்துச் சித்தூரிலிருந்து வண்டி வாங்க வந்த சென்னிமலை என்பவன் அதை இருக்கிறபடியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். புதிதாகக் கல்யாணமானவன். அவன் மனைவியும் பின்னால்தானே உட்காருவாள் என்று நினைத்தபோது மாரப்பனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இதைக் கமலாத்தாளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சோற்றை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைகிற இரும்புக் கவையை, ஸ்விங் ஆர்மை, கழற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. துருப்பிடித்த அச்சாணியை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு அடித்து வெளியே எடுத்தார். அச்சாணியைச் சுற்றி உள்ளேயிருந்த உலோக வளையங்கள், புஷ் இரண்டும், முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. சக்கரத்தைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவற்றைத் துணியில் முடிந்து மாதிரிக்கு எடுத்துக்கொண்டார்.

கோயமுத்தூர்ப் பட்டறையில் புதுப் புஷ் கடையச் சொல்லி வாங்கிவந்தார். முதலில் மாட்டியபோது இறுக்கம். தூக்கிய கவை தூக்கிய இடத்திலேயே நின்றது. திரும்பக் கழற்றி, தேய்த்து, மாட்டினார். கடைசியில் அது தன் பாரத்தாலேயே மெல்ல இறங்கியது, பக்கவாட்டில் துளி ஆட்டமில்லை.

சென்னிமலை தன் மனைவி பொன்னாத்தாளோடு வந்தான். கமலாத்தாள் கம்பை ஊன்றி வெளியே வந்து அந்தப் பெண்ணைப் பக்கத்தில் அழைத்தாள்.

“அம்மிணி, இந்தச் சக்கரத்தைப் புடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாரு.”

அவள் தயங்கி, பிடித்து ஆட்டினாள். அசையவில்லை.

“இனி எப்பவாச்சும் ஆடுச்சுன்னா ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லு. அவரு கேக்காட்டி ஏறாதே.”

மாரப்பன் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றார். வண்டி போன பிறகு, அன்றைக்கே தான் சக்கரத்தை ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

“நாஞ் சொன்னனுங்களே,” என்றாள் அவள். குரலில் கோபமில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய முழங்காலை வைத்தியரிடம் காட்ட இருவரும் சித்தூருக்குப் பஸ் ஏறினார்கள். அவர் முதலில் ஏறிக் கையை நீட்டினார். அவள் கம்பியைப் பிடித்துத் தானாகவே ஏறிக்கொண்டாள்.