தென்காசியில் ஏறுகிறவர்களுக்கு

“நாலு எடமும் எனக்கில்ல தாத்தா. தென்காசில ஆள் ஏறும்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று, செங்கோட்டை நிலையத்தில் வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. அந்தப் பெட்டியில் அவளும் நானும்தான். குடையை ஓர் இடத்தில் வைத்தாள், நோட்டை ஓர் இடத்தில், சாப்பாட்டுப் பையை ஓர் இடத்தில். நான்காவது இடத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. செருப்பைக் கழற்றினாள். யோசித்தாள். திரும்ப மாட்டிக்கொண்டு கைக்குட்டையை விரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, சீசன் டிக்கெட் இருக்கிறது என்றும் சொன்னாள். அதையும் நான் கேட்கவில்லை.

யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது செண்பகவல்லியின் பழக்கம். எப்போதும் எதற்கோ பயந்துகொண்டிருக்கிற பிள்ளை. கழுத்தில் தொங்குகிற கல்லூரி அட்டையின் நாடாவை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குவாள். விரல் நுனி சிவந்ததும் அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள்.

வயது இருபத்திரண்டு. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு. வகுப்புக்குப் பிரதிநிதியும் அவள்தான். அவள் அப்பா குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், சாரல் நின்றுபோனால் செங்கல் சூளைக்குப் போவார். வீடு குத்துக்கல்வலசையில். அங்கிருந்து தென்காசி நிலையம்தான் பக்கம். ஆனால் வண்டி தென்காசி வரும்போதே நிறைந்துவிடும் என்று, காலையிலேயே எதிர்த்திசையில் பஸ் ஏறிச் செங்கோட்டைக்கு வந்து, நண்பர்களுக்கு இடம் பிடித்துக்கொண்டு அதே தென்காசிக்குத் திரும்பிப் போகிறாள்.

தாத்தா என்று ஒரு மாதத்துக்கு முன்பு யாராவது கூப்பிட்டிருந்தால் முறைத்திருப்பேன். இப்போது அந்தச் சொல்லுக்கு உரிமைக்காரி பிறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. திருநெல்வேலியில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் தினமும் இந்த வண்டியில் போய் வருகிறேன். அப்படித்தான் இந்தப் பிள்ளைகள் பழக்கமானார்கள்.

தென்காசியில் ஏறுகிற நான்கு பேரும் நான்கு திசை. உமாசங்கர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காயாமல் வருவான். நாட்டைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அவன் காது சிவந்துவிடும். கிங்ஸ்லி தனக்குப் பெயர் வைத்த தேவாலயத்தையே விட்டுவிட்டவன். எந்தக் கடவுளும் கிடையாது, உழைக்கிறவன்தான் உண்டு என்பான். ஸ்வாதி சாதியைப் பற்றிப் பேசாமல் பாவூர்ச்சத்திரத்தைத் தாண்ட மாட்டாள். பேச்சிமுத்துவின் மணிக்கட்டில் கட்டியிருக்கிற, சாதியைக் காட்டுகிற நிறக்கயிறு அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். கழற்றினால் ஊரில் வைவார்கள் என்று அவன் காரணம் சொல்வான். வைதால் செத்தா போவாய் என்று இவள் கேட்பாள்.

பேத்தியின் படத்தை ஒரு நாள் போனில் காட்டினேன். என்ன பெயர் வைப்பது என்று அதற்கும் ஒரு சண்டை. சாமி பெயர்தான் வைக்கவேண்டும் என்றான் ஒருவன், நல்ல தமிழ்ப் பெயர் என்றான் இன்னொருவன். அவளே வளர்ந்து தனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளட்டும் என்றாள் ஸ்வாதி. செண்பகவல்லி மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லா பால் குடிக்காளா தாத்தா?” என்று கேட்டாள்.

அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. எப்போது சூடேறுகிறது என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அப்போது செண்பகவல்லி டிபன் பாக்ஸைத் திறப்பாள். பொடி தடவிய இட்லி. தனக்கு மூன்று போதும், பன்னிரண்டு கொண்டுவருவாள். வாயில் இட்லி இருக்கிறவன் எவ்வளவு கத்த முடியும்? சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. கீழக்கடையம் வருவதற்குள் நாட்டு நிலவரம் அத்தனை மோசமாகிவிட்டிருக்கும்.

ஸ்வாதிக்கு அது பிடிக்காது. “ஒனக்குன்னு ஒரு கருத்தே கெடையாதாட்டி?” என்று ஒரு நாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

“இருக்கு,” என்றாள் செண்பகவல்லி. “சொன்னா ரெண்டு பேரு எந்திச்சுப் போவாவ. எந்த ரெண்டு பேருன்னுகூட எனக்குத் தெரியும்.”

போன புதன்கிழமை டிபன் பாக்ஸ் இல்லாத இடத்தில் சண்டை வந்துவிட்டது. கல்லூரியில் துறை விழாவைக் குத்துவிளக்கு ஏற்றிச் சாமி பாட்டோடு தொடங்கக்கூடாது என்று கிங்ஸ்லி ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறான். ஏன் கூடாது என்று உமாசங்கர் போய்க் கேட்டிருக்கிறான். உமாசங்கரின் அம்மா ஊர்க் கோயில் கொடை விழாவில் சாமியாடுகிறவர். கிங்ஸ்லி அதைச் சொல்லி, அப்படியானால் ஒங்கம்மையையே மேடையில் ஆடவிட்டுத் தொடங்கலாமே என்று சிரித்திருக்கிறான். மறு நிமிடம் தாள் நான்கு துண்டு. உமாசங்கர் அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளியதில் பலகையின் கண்ணாடி நொறுங்கிவிட்டது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். முதலிலிருந்து பார்த்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். துறைத் தலைவி அவளைக் கூப்பிட்டு, பார்த்ததை எழுதித் திங்கட்கிழமை கொண்டுவா என்று சொல்லிவிட்டார். யார் மீது குற்றம் என்று முடிவாகிறதோ அவன் இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாதாம்.

அன்றிலிருந்து அவள் படுகிற பாட்டை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். போன் அதிர்ந்தாலே உடம்பு தூக்கிப்போடும். கிழித்ததையும் தள்ளியதையும் மட்டும் எழுது என்று கிங்ஸ்லி செய்தி அனுப்பினான். அவன் சொன்னதை மட்டும் எழுது, மற்றதைக் கேட்டால் தெரியாது என்று சொல் என்றான் உமாசங்கர். நீ எதையுமே பார்க்கவில்லை என்று எழுதிவிடு, அதுதான் நல்லது என்றான் பேச்சிமுத்து. உண்மையை எழுதாவிட்டால் என் முகத்தில் விழிக்காதே என்றாள் ஸ்வாதி. பேத்தியை மடியில் வைத்திருக்கும்போதும் இந்தப் பிள்ளை என்ன எழுதப்போகிறாள் என்றே மனது கிடந்து அடித்துக்கொண்டது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சண்டை போட்ட இருவரும் வேறு வேறு பெட்டியில் ஏறினார்கள். அப்படியும் அவர்களுடைய இரண்டு இடத்திலும் குடையும் நோட்டும் கிடந்தன. கூடையோடு ஏறிய ஓர் அம்மாள், “ஆளில்லாத எடத்துக்கு எதுக்கு ஏட்டி காவலு?” என்று வைதார். செண்பகவல்லி எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு அம்பாசமுத்திரம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

இன்று திங்கட்கிழமை. செங்கோட்டையில் அவள் முகம் வெளுத்திருந்தது. நாடாவை எத்தனை முறை சுற்றினாள் என்று தெரியவில்லை, விரல் நுனி நீலமாகவே ஆகிவிட்டது. தென்காசியில் இருவரும் இந்தப் பெட்டிக்கே வந்தார்கள். அவள்தான் வரச்சொல்லியிருக்கிறாள். ஆனால் உட்காரவில்லை, ஆளுக்கு ஒரு பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேடத்திடம் கொடுப்பதற்கு முன்னால் வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி, கோடு போட்ட தாளைப் பிரித்தாள்.

ஒன்றரைப் பக்கம். எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. அம்மாவைப் பற்றிக் கிங்ஸ்லி சொன்னது, சொன்ன சொல்லோடு இருந்தது. உமாசங்கர் கிழித்ததும் தள்ளியதும் இருந்தன. கடைசியில், இரண்டடி தள்ளி நின்ற நான் வாயைத் திறக்கவில்லை, குற்றம் செய்தவர்களில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளவும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வண்டி பாவூர்ச்சத்திரத்துக்கு அடுத்த மேட்டூரைத் தாண்டியது. உமாசங்கர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கிங்ஸ்லி, அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடக்கூடாதா என்று மெதுவாகக் கேட்டான். அப்போது உமாசங்கர் திரும்பி அவனைப் பார்த்தான். புதன்கிழமைக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது அதுதான் முதல் முறை.

செண்பகவல்லி தாளை நான்காக மடித்தாள்.

“ஒரு எழுத்தும் அடிக்க மாட்டேன். நான் பாத்தது இதுதான்,” என்றாள். “கோவப்படணும்னா ரெண்டு பேருஞ் சேந்து ஏம்மேல கோவப்படுங்கலே. தனித்தனியா வேண்டாம்.”