வெள்ளிக்கிழமை பாட்டில்கள்

போன வருடம் மே மாதம் ஒரு புதன்கிழமை காலை, லேபில் இருந்த இருட்டுப் பெட்டிக்குள் என் மணிக்கட்டு பச்சையாக ஒளிர்ந்தது. அன்று தொடங்கி நடந்ததை கங்கம்மா அம்மனை நம்புகிற உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் என் தப்பும் வெளியே வரும். வரட்டும்.

எங்கள் ஊர் ஆந்திராவில் குடுபல்லி பக்கம். நைனாவும் அம்மாவும் தக்காளி போடுகிறார்கள். நான் சித்தூரில் ஒரு டிகிரி காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறேன். கோடை விடுமுறையில் எங்களைப் போன்றவர்களை எட்டு வாரம் தங்கவைத்து ஆராய்ச்சி கற்றுத்தரும் திட்டம் ஒன்று திருப்பதியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். எங்கள் காலேஜில் அதுவரை யாருக்கும் அது கிடைத்ததில்லை. அம்மா வேண்டிக்கொண்டாள். கிடைத்தால் எட்டு வாரமும் நான் கங்கம்மா காப்பைக் கட்டியிருந்து, திரும்பி வந்து அம்மன் காலடியில் அவிழ்க்க வேண்டும். கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு புதுசா மஞ்சா பூசிக்கோ. நடுவுல கழட்டிடாதடி. அப்புறம் இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தை என்னோடு பஸ் ஏறி திருப்பதி வரைக்கும் வந்தது.

லேபில் எனக்கு எல்லாமே பயம். கூட வந்தவர்கள் பெரிய ஊர்க்காரர்கள், இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை. பிஎச்.டி. செய்கிற சுனிதா அக்காவிடம் என்னை விட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களின் போர்வெல் தண்ணீரைச் சோதிப்பது அவர் வேலை. தண்ணீரோடு எத்தனாலில் கரைத்த ஒரு மருந்தைச் சேர்த்துக் குலுக்கி இருட்டுப் பெட்டியில் புற ஊதா விளக்கடியில் வைத்தால், உடம்புக்கு ஆகாத ஒரு உலோகம் இருக்கிற தண்ணீர் ஒளிரும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஊர். வெள்ளிக்கிழமை, சந்திரகிரி தாண்டி ஒரு சின்ன ஊர். அறுபது வீட்டுக்கும் அங்கே ஒரே போர்தான். முதல் வாரம் தண்ணீர் எடுக்கப் போனபோது நானே பார்த்தேன், குடங்கள் வரிசையாக நின்றன.

ஒரு விதி உண்டு. தினமும் முதலில் சுத்தமான வெறும் தண்ணீரை அதே மாதிரி குலுக்கி அளந்து எழுத வேண்டும். மற்றவர்கள் மதியத்துக்குள் முடித்துவிடுவார்கள், எனக்கு மட்டும் சாயங்காலம் ஆகும். மந்தம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், திங்கட்கிழமை அளந்த வெறும் தண்ணீர்க் கணக்கையே மற்ற நாட்களுக்கும் எழுதினேன். அளக்காமலே எழுதினேன். இதுதான் என் தப்பு.

இரண்டு வெள்ளிக்கிழமையும் அந்தச் சின்ன ஊரின் பாட்டில்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. சுனிதா அக்காவின் முகம் வாடிப்போனது. "அய்யய்யோ, பாபம், இந்தத் தண்ணியவா குடிக்கிறாங்க" என்றார். லேபை நடத்துகிற மேடத்திடம் சொன்னார். அந்தப் போரை உடனே மூட வேண்டும் என்று அரசாங்க மண்டல் ஆபீஸுக்குக் கடிதம் தயாரானது. நான் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் புதன்கிழமை கை கசகசவென்று இருக்கிறதே என்று கையுறையைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைக்காமல் பெட்டிக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தேன். அப்போதுதான் காப்பு ஒளிர்வதைப் பார்த்தேன். கழற்றிய கையுறையின் விளிம்பைக் காட்டினேன், அதுவும் ஒளிர்ந்தது. மஞ்சள் எத்தனாலில் நன்றாகக் கரையும், ஒளிரவும் செய்யும். பாட்டிலைக் குலுக்கும்போது மூடியை மணிக்கட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது என் பழக்கம். அப்படித்தான் மஞ்சள் உள்ளே இறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் புதிதாக மஞ்சள் பூசுகிறேன். வெள்ளிக்கிழமை பாட்டில்கள்தான் ஒளிர்கின்றன. அந்தத் தண்ணீரில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். வெறும் தண்ணீரை ஒழுங்காக அளந்திருந்தால் அதுவும் ஒளிர்ந்திருக்கும், முதல் வாரமே தெரிந்திருக்கும்.

சட்டைக் கையை இழுத்துவிட்டு சுனிதா அக்காவிடம் போனேன். "அக்கா, அந்த லெட்டர்…" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"அது நேத்தே மேடம் சைன் போட்டாச்சு. ரமணா கையில குடுத்து மண்டல் ஆபீஸ்ல நேரா சேத்துடச் சொல்லிட்டாங்க. இந்நேரம் போயிருக்கும்மா."

ரமணா அண்ணா எங்கள் அட்டெண்டர். ஒன்றும் சொல்லாமல் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இனி எங்கள் காலேஜிலிருந்து யாரையும் எடுக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் மே மாத வெயிலில் அறுபது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. இதில் அம்மன் கயிற்றாலேயே இது நடந்திருக்கிறது. அவளுக்கு என்மேல் என்ன கோபம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா போன் செய்தாள்.

"துன்னியா? இன்னாடி பேசாம கீற?"

"ஒண்ணுமில்லமா, தலைவலி."

அவளிடமும் பொய். போனை வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து காப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திருப்பதியில் அப்போது கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா, நடந்துகொண்டிருந்தது. தப்பட்டைச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. அந்தத் திசையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். "தாயே, என்னைக் காப்பாத்துன்னு கேக்கல. அந்த லெட்டர மட்டும் நிறுத்து. மிச்சத்த நானே சொல்லிடறேன்." சொன்ன பிறகு பயம் குறையவில்லை. இன்னும் கூடித்தான் போனது. வாக்கு கொடுத்துவிட்டேன் அல்லவா.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மேடம் அறை வாசலில் நின்றேன். உள்ளே போய், மஞ்சள், காப்பு, எழுதிய பொய்க் கணக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து கொட்டினேன். மேடம் சுனிதா அக்காவைக் கூப்பிட்டு, "ரமணாவுக்கு போன் பண்ணு" என்றார். ரமணா அண்ணா எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார், எடுக்கவில்லை.

பத்து மணிக்கு ரமணா அண்ணாவே வந்து நின்றார். கழுத்திலும் காதோரத்திலும் வெள்ளையாக நாமக்கட்டி ஒட்டியிருந்தது. ஜாத்திரையில் புதன்கிழமை உடம்பெல்லாம் நாமக்கட்டி பூசி பைராகி என்ற சாமியார் வேஷம் போடுவார்கள்.

"மேடம், மன்னிச்சிக்கோங்க. பையனுக்கு வேண்டிக்கினு இருந்தேன், நேத்து வேஷம் கட்டிக்கினு கோயிலுக்குப் போய்ட்டேன். லெட்டர் குடுக்கல. இப்பவே ஓடிப்போய் குடுத்துட்டு வந்துடறேன்."

பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். அவரும் என் கங்கம்மாவிடம்தான் வேண்டிக்கொண்டார், வேஷமும் அவளுக்குத்தான். எனக்கு அது போதும்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. மேடம் கத்தரிக்கோலை என் முன்னால் வைத்தார். "நீ சொல்றத நம்பறேன். ஆனா நம்பறது போதாது, காட்டணும். அந்தக் கயித்துல ஒரு துண்டு வேணும்."

வேண்டுதல் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அம்மா சொன்னது காதில் கேட்டது. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இல்லை, எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். கண்ணை மூடி அம்மனிடம், "நீ கேட்டதா நெனச்சிக்கினு குடுக்கறேன்" என்று சொல்லி வெட்டினேன். எத்தனாலில் போட்டு ஒளியை அளக்கிற இயந்திரத்தில் வைத்தோம். வெள்ளிக்கிழமை பாட்டில்களில் வந்த அதே கோடு, அச்சு அசலாகத் திரையில் ஏறியது.

"கயிறு கட்டினது தப்பில்ல" என்றார் மேடம். "எங்க வீட்டுலயும் கட்டுவாங்க. அளக்காதத எழுதினியே, அதுக்குத்தான் கோபம். திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் நின்னு இத நீயே சொல்லணும். ரெண்டு வார வேலையையும் திரும்பச் செய்யணும்." வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. சொன்னேன், செய்தேன். சொல்லும்போது ஒருவர் சிரித்தார். பரவாயில்லை.

அந்த வியாழக்கிழமை மதியமே அம்மாவுக்கு போன் செய்து, காப்பை வெட்டியதைச் சொன்னேன். "உடு. அவ கயித்துலயா கீறா? அந்தத் துண்டு எங்க கீது?" என்று கேட்டாள். பாட்டிலில் என்றேன். "பத்திரமா வெச்சிக்கோ" என்றாள். அது இன்றும் லேப் அலமாரியில் இருக்கிறது. சீட்டில் 'காப்புக் கயிறு' என்று என் கையெழுத்து.

மறு வாரம் வெள்ளிக்கிழமை, காப்பின் மிச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மணிக்கட்டோடு அந்த ஊருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். புதிதாக அளந்தோம், வெறும் தண்ணீரையும் அளந்தோம். ஒன்றும் ஒளிரவில்லை. முடிவை உறுதி செய்ய அடுத்த வாரமும் போனபோது, போர் பக்கத்தில் ஒரு அம்மா குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வெயில்ல வந்துகீறியே, தண்ணி குடி கண்ணு" என்று சொம்பை நீட்டினார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

எங்கள் காலேஜிலிருந்து இந்த வருடம் இரண்டு பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா என்கிறார்கள். எனக்கும் இன்னும் பயம் போகவில்லை. அதனால் உங்களிடமும் இதைத்தான் சொல்வேன். தப்பை மறைத்துவிடு என்று கங்கம்மாவிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்வதற்குள் யாருக்கும் கெடுதல் நடக்காமல் பார்த்துக்கொள் என்று கேளுங்கள். எனக்கு ஒரு நாள் கொடுத்தாள். அது போதுமானதாக இருந்தது.