சேர்மனுக்கு வாங்கிய மாலை

எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்குக் குலசாமியின் பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் அந்த ஒரே பெயரில் கம்பம் சுற்றுவட்டாரத்தில் ஏகப்பட்ட பேர் உண்டு. ஆனால் ஊரறிந்தவர்கள் மூன்று பேர்தான். ஒருவர் கம்பத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர். இன்னொருவர் ஒன்றியத்தில் சேர்மனாக இருந்தவர். பதவி போன பிறகும் அவரை எல்லோரும் சேர்மன் என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது ஆள் என் அண்ணன். மாநில அணிக்கு வாலிபால் ஆடியவன். அவன் அடிக்கிற அடியைப் பார்க்கக் குமுளியிலிருந்து ஜீப் பிடித்து ஆள் வருவார்கள்.

ஒரே பெயர் என்பதில் அண்ணனுக்கு முதலில் சந்தோஷம்தான். தேர்தல் சமயத்தில் சேர்மன் எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்கு வந்தபோது அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “நானும் தம்பியும் ஒரே பேரு. நான் ஜெயிச்சா தம்பி ஜெயிச்ச மாதிரி” என்று மைக்கில் சொன்னார். மைதானத்துக்கு விளக்குப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அண்ணன் ஊர் ஊராக அவரோடு போனான். அவர் ஜெயித்தார். விளக்கு வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்கே போய்க் கேட்டான். இரண்டாவது தடவை வாசலிலேயே, “எந்த ஊரு, என்ன பேரு?” என்று கேட்டிருக்கிறார்கள். பேரைச் சொன்னதும் சிரித்திருக்கிறார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு முழங்கால் போய்விட்டது. ஆட்டத்தை விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். ஒரு காலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் பந்தலுக்குக் கீழேயே சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டவள். தகவல் வந்ததும் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் போனைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம், “நம்ம சேர்மன் தவறிட்டாகளாம்ல” என்றார். போனில் வந்த செய்தியில் அண்ணன் பெயரும், உடல் சுருளிப்பட்டியில் இருப்பதாகவும் இருந்தது. அதற்கு மேலே சேர்மன் படம் இருந்தது. இல்லை, செத்தது என் அண்ணன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, “உங்களுக்கும் வேண்டியவுகளா?” என்று கேட்டார்.

தெருவுக்குள் நுழைய முடியவில்லை. அவ்வளவு கார். அண்ணனுக்கா இத்தனை கூட்டம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துபோனது உண்மை. நடுவீட்டில் ஐஸ் பெட்டிக்குள் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் விழுந்து அழுதுகொண்டிருக்கும்போதே கரைவேட்டிக்காரர்கள் ஆள் உயர ரோஜா மாலையைத் தூக்கி வந்து பெட்டி மேல் சாத்தினார்கள். ஒருவர் குனிந்து கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்தார்.

“ஏலே, இது நம்ம ஆளு இல்லடா!”

“பின்ன யாரு?”

“வாலிபாலு.”

“நல்லவேளை.”

அந்தச் சொல்லை என் காதால் கேட்டேன். அண்ணன் சம்சாரம், என் மதினியும் கேட்டார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த மாலைகளை அப்படியே காருக்குள் வைத்துக்கொண்டார்கள். சாத்திய மாலையை மட்டும் எடுக்கக் கூச்சப்பட்டு விட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தெருமுக்கில் வெடிச்சத்தம். “தூக்குறதுக்கு முன்னாடியே யாரு வெடி போடுறா?” என்று பெரியப்பா வெளியே போனார். திரும்பி வந்தவர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்: “அது நமக்கு இல்லத்தா. சேர்மன் நல்லா இருக்காகன்னு போடுறாக.”

கம்பத்து டாக்டருக்கும் விசாரித்துப் போன் வந்துகொண்டே இருந்ததாம். ‘நான் நலமாக இருக்கிறேன், மாலையில் வழக்கம்போல் நோயாளிகளைப் பார்ப்பேன்’ என்று போனில் போட்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மத்தியானத்துக்கு மேல் சேர்மனே வந்துவிட்டார். கூடவே நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மதினி பக்கம் திரும்பினார்.

“செத்ததாச் சேதி கிளம்புனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாக. எனக்கு இந்த வருசம் கண்டம்னு சோசியர் சொல்லியிருந்தாரு. என் கண்டத்தத் தம்பி வாங்கிட்டுப் போயிட்டாப்ல. பெரிய மனசு.”

ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதினி எழுந்தார். அதுவரை அழுது களைத்துச் சுவரோடு சாய்ந்திருந்தவர். பெட்டி மேலிருந்த ரோஜா மாலையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டுபோய், வாசற்படியோரம் நின்ற சேர்மன் காலடியில் போட்டார்.

“இது உங்களுக்கு வாங்குனது. கொண்டுட்டுப் போங்க.”

போனைப் பிடித்திருந்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். சேர்மன் முகம் சுண்டிப்போய் விறுவிறுவென்று வெளியேறினார். மாலை வாசற்படியிலேயே கிடந்தது. கடைசியில் யார் எடுத்துப் போட்டார்களோ தெரியாது.

அடுத்த நாள் போனில் அவர் கும்பிடுவது மட்டும் வந்தது. ஊரில் மதினியைத்தான் ஏசினார்கள். “பெரிய மனுசன் வீடு தேடி வந்திருக்காக, பொம்பள இப்பிடியா பேசுறது?” என்றார்கள். அண்ணனிடம் பந்து அடிக்கப் படித்தவர்கள்கூட அதையேதான் சொன்னார்கள்.

போன மாதம் அண்ணன் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாத்தா பெயரை வைப்பதுதான் முறை என்று நான் சொன்னேன். மதினி சம்மதிக்கவில்லை.

“அந்தப் பேரு வேணாம். அவுகளே வச்சுக்கிரட்டும்.”

“அது என் அண்ணன் பேரு மதினி.”

“யாருக்குத் தெரியும்?” என்றார்.

நான் சத்தம் போட்டேன், அழுதேன், சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். குழந்தைக்குப் போனில் தேடி ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது இன்னும் வாயில் நுழையவில்லை.