செம்பி கூட்டிவைத்த படுக்கை

செம்பி என்ற பெண் குதிரையை ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் விடாமல் நடக்க வைத்தேன். குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, லாயத்தைச் சுத்தம் செய்கிறவனைச் சிங்கப்பூரில் சைஸ் என்போம். இருபத்தாறு வருடம் அந்த வேலை பார்த்தேன். நான் சரியாகச் செய்ததை எல்லாம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்லுவேன், அதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் புதிதாக லாயத்துக்கு வருகிறவர்களுக்குப் பயன்படப்போவது நான் தவறாகச் செய்த இந்த ஒன்றுதான்.

1. மட்டம்

ஐம்பதுகளின் பிற்பாதி. புக்கித் தீமா பக்கம் ஒரு சீன முதலாளியின் ரேஸ் குதிரை லாயம். செம்பிக்கு முன்கால் கெட்டு ரேஸ் ஓட முடியாமல் போனது. முதலாளி அவளை ஜொகூருக்கு அனுப்பி, ஒரு நல்ல ஆண் குதிரையோடு சேர்த்தார். சினையாகித் திரும்பி வந்தாள்.

எங்கள் குதிரைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில், வளர்ந்த குதிரைகளாக வந்து இறங்குபவை. லாயத்தில் இருந்த சைஸ்களில் ஒருவன்கூடக் குதிரை குட்டி போட்டுப் பார்த்ததில்லை. அதை வெளியே சொல்லத்தான் எவனுக்கும் வாய் வரவில்லை, நான் உட்பட. வெட், அதாவது மிருக டாக்டர், வந்து நாள் கணக்குப் பார்த்து, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

அந்த வாரம் செம்பியின் குணம் மாறியது. வாளிச் சத்தம் கேட்டதும் கதவுக்கு வருகிறவள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கீழே பரப்பியிருந்த காய்ந்த லாலாங் புல்லை முன்காலால் சுரண்டிச் சுரண்டி ஒரு மூலையில் குவித்தாள். அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தாள்.

எங்களுக்கு மேலாளாக இருந்த மண்டோர் அந்தோணிக்கு லாயத்தில் படுக்கை மேசை மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். காலையில் அவர் சுற்றி வரும்போது ஒரு மேடு தெரிந்தாலும், "இது என்னா, கோழிக் கூடா?" என்பார். அதனால் தினமும் அந்தக் குவியலைக் கலைத்து மட்டமாகப் பரப்பினேன். மறுநாள் மறுபடி குவிந்திருக்கும். "எனக்கு வேலை வைக்கிறதுக்குன்னே பொறந்தியா நீ?" என்று அவளைத் திட்டவும் செய்தேன்.

லாயத்துக்குப் புல் அறுத்துப் போடும் அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வயதுக்காரி, அவள் புருஷனுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை.

"அண்ணே, அது எடம் பண்ணுது. கலைக்காதீங்க."

"நீ புல்லு கட்ட எறக்கிட்டுப் போம்மா. குதிரை விஷயம் ஒனக்கு என்னா தெரியும்?"

அவள் கட்டை இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

2. சனிக்கிழமை

அன்று ரேஸ். குதிரைகளோடு எல்லாரும் போய்விட்டார்கள். நொண்டிக் குதிரைகள் இரண்டு, செம்பி, நான், இவ்வளவுதான் லாயத்தில். பகல் பதினொரு மணி இருக்கும். செம்பி தரையை உதைத்தாள், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், வியர்த்துக் கொட்டியது, படுத்தாள், எழுந்தாள்.

சைஸுக்கு இதெல்லாம் ஒரே ஒரு நோயைத்தான் சொல்லும். கோலிக், அதாவது வயிற்றுவலி. கோலிக் வந்த குதிரையைப் படுக்க விடக்கூடாது, உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்பது எங்கள் முதல் பாடம். ரேஸ் கோர்ஸுக்குப் போன் போட்டு டாக்டருக்குச் சொல்லிவிடச் சொன்னேன். செம்பிக்குத் தலைக்கயிறு மாட்டி, சிமெண்டு முற்றத்தில் நடக்கவிட்டேன்.

ஒவ்வொரு சுற்றிலும் அவள் தன் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே போகக் கழுத்தைத் திருப்பினாள். அடம் பிடிக்கிறாள் என்று கயிற்றைச் சுண்டி இழுத்தேன். படுக்கப் போனபோதெல்லாம் அதட்டி எழுப்பினேன்.

ஒரு மணிக்கு அஞ்சலை புல்லோடு வந்தாள். கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, இது வயித்து வலி இல்லண்ணே, புள்ள வலி! உள்ள விடுங்க. நாம தள்ளிப் போயிடுவோம், அது தனியா இருக்கணும்."

"டாக்டரு மூணு வாரம்னு சொல்லிட்டாரு லா. நீ டாக்டருக்கு மேலயா?"

"நாலு பெத்தவ சொல்றேன், கேளுங்கண்ணே."

நான் கேட்கவில்லை. ஒரு புல்லுக்காரி எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்ற எண்ணம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. இன்னும் நாலைந்து சுற்று நடத்தினேன். பனிக்குடம் உடைந்து தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. செம்பி முன்கால்களை மடக்கினாள். அப்போதும் என் கை பழக்கத்தில் கயிற்றை மேலே இழுத்தது. அவள் எழுந்து நின்றாள். நின்றபடியே குட்டி வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து சிமெண்டில் விழுந்தது.

அஞ்சலை குட்டியின் முகத்து ஜவ்வைக் கையால் கிழித்தாள், தலையில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்தாள், நெஞ்சைத் தேய்த்தாள். குட்டி செம்பியைப் போலவே சிவப்பு. மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் காது ஆடியது. பிறகு மூச்சு நின்றுவிட்டது. நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.

செம்பி அதை வெகுநேரம் நக்கினாள்.

3. பிறகு

வெட் வந்து பார்த்து, முன்கூட்டிப் பிறந்த குட்டி, எப்படியும் தங்காமல் போயிருக்கலாம் என்றார். மண்டோர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கோலிக்னுதான் நானும் நெனச்சிருப்பேன். மனச போட்டு ஒழப்பிக்காத." எனக்கு வேலை போகவில்லை. கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் அஞ்சலை வழக்கம்போலப் புல் கொண்டு வந்தாள்.

"தங்கச்சி, தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவப் போவுது? அதுகிட்ட போயி சொல்லுங்க."

போனேன். செம்பி அந்த மூலையில் நின்று, மடியில் பால் கட்டி, வெளியே பார்த்துக் கனைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலே வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வந்தேன். கனைப்பது நிற்க நாலு நாள் ஆனது.

அடுத்த முறை செம்பி சினையானபோது மண்டோரிடம் நேரே சொன்னேன். "இந்தப் படுக்கைய மட்டும் மட்டம் பண்ண மாட்டேன் சார். வேணும்னா ஆளை மாத்துங்க." முறைத்தார், ஆனால் விட்டுவிட்டார். அவள் சுரண்டச் சுரண்ட லாலாங்கை இன்னும் ஒரு கட்டு அள்ளிப் போட்டேன். வலி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பார்க்க வேண்டும் என்று கழுத்து திரும்பும். காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். பெண் குதிரை தன் இடத்தையும் நேரத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். அது கூப்பிடும்வரை நம் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

செம்பியின் அந்தக் குட்டியோடு சேர்த்து, அறுபதுகள் முடிவதற்குள் என் பொறுப்பில் ஏழு குட்டிகள் பிறந்தன. ஏழும் தாங்களே எழுந்து நின்ற பிறகுதான் நான் கதவைத் திறந்தேன். இத்தனை வருட வேலையில், ஒரு குட்டி பிறப்பதை நான் கண்ணால் பார்த்தது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான்.