பால் டின்னில் இரண்டாவது ஓட்டை

ஜப்பான்காரன் காலம், இரண்டாவது வருடம். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இருந்த ஒரு பெரிய பலகை வீட்டை ஆய்வுக்கூடமாக மாற்றும் வேலையை என் தலையில் கட்டினார்கள். சண்டைக்கு முன்னால் அரசாங்கக் கட்டடங்களுக்குக் குழாயும் சாக்கடையும் போட்டுக்கொண்டிருந்தவன் நான். செய்த பாவம் அவ்வளவுதான்.

எண்ணெய்க்குப் பஞ்சமான நேரம். ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து லாரி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெயை அமிலம் ஊற்றிக் கழுவிச் சோதிக்க ஓர் இடம் வேண்டுமாம். கழுவும்போது எழும் புகை நெஞ்சை அடைத்து ஆளையே சாய்த்துவிடும். அதற்காகக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெரிய அலமாரி, அதன் தலையிலிருந்து கூரைக்கு மேலே போகும் தகரக் குழாய், குழாயடியில் சூடு கொடுக்க ஒரு கரி அடுப்பு. சூட்டில் காற்று மேலேறும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆள் முன்னால் நின்று கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யலாம். காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பொறுப்பில் இருந்த ஜப்பானிய அதிகாரிதான் என் உயிரை எடுத்தார். திங்கட்கிழமை தொட்டி இந்தச் சுவரில் வேண்டும் என்பார். செவ்வாய்க்கிழமை எதிர்ச் சுவரில் வேண்டும். ஒரே சாக்கடையை இரண்டு முறை தோண்டினேன். தகரம் கேட்டால் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். ஆணி கேட்டாலும் கடிகாரம்தான். அமிலம் கீழே கசியக் கூடாது என்றார். பலகைத் தரையின் இடுக்கு ஒன்று விடாமல் தார் ஊற்றி அடைத்தேன். வெளியாள் கண் உள்ளே படக் கூடாது, சன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடு, கதவும் எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்றார். அதையும் செய்தேன். எனக்கு ஏன் வம்பு?

வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றி நல்ல செய்தி ஒன்றும் வரவில்லை. என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. யார் யார் காலையோ பிடித்து, அந்த அலமாரி முன்னால் நிற்கும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை கூடம் திறந்தால் அவனுக்கு வேலைச் சீட்டு. திறக்காவிட்டால் அடுத்த லாரியில் சயாம்.

இதற்கு நடுவில் அந்த வீட்டுக்கார அம்மா வேறு. அவர்கள் மலாக்காச் செட்டிகள். கும்பிடுவது நம் சாமியைத்தான். பேசுவது மட்டும் மலாய். குடும்பத்தைப் பின்கட்டு அடுப்படிக்குத் தள்ளிவிட்டுத்தான் முன்கூடத்தை எடுத்திருந்தார்கள். சாமி மாடம் முன்கூடத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அந்த அக்கா சாம்பிராணிக் கரண்டியோடு வந்து நிற்பார். முதல் வெள்ளிக்கிழமையே அவரிடம் கத்தினேன். புதுச் சுண்ணாம்பில் கரி படிகிறது என்று காரணம் சொன்னேன். அதிகாரி மேல் இருந்த எரிச்சலைக் காட்ட அவர்தான் கிடைத்தார் என்பதே உண்மை.

திறப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அலமாரியைப் புதன்கிழமையே சோதித்துவிட்டேன். உள்ளே நீட்டிய காகிதத் துண்டு விர்ரென்று மேலே போய்விட்டது. வேலை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை காலை கடைசி வேலையாகச் சன்னல்களுக்கு ஆணி அடித்தோம். சாயங்காலம் அடுப்பை மூட்டிவிட்டு, மச்சானுக்கு வேலையைக் காட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார், கரண்டியோடு. கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது.

"மறுபடியுமா! நாளைக்கு அதிகாரி வர்றான்க்கா. எடுத்துக்கிட்டுப் போங்க இங்கேருந்து!" என்று மலாயில் கத்தினேன்.

வேறு யாராவது என்றால் போயிருப்பார்கள். அவர் அசையவில்லை. கரண்டியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

"போன வெள்ளி புகை நேரா உன் பெட்டிக்குள்ள ஏறிப்போச்சு, தம்பி. இன்னைக்கு இங்கேயே உக்காந்திருக்கே. ஏன்?" என்றார் மலாயில்.

"அது என் வேலைக்கா, உங்க வேலையில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் திரும்பிப் பார்த்தேன். புகை உட்கார்ந்துதான் இருந்தது. கரண்டியை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, மச்சானை நாளை நிற்கப்போகிற இடத்தில் நிற்கச் சொன்னேன். மேலே போக வேண்டிய புகை கண்ணாடிக்கு அடியில் வழிந்து நேராக அவன் முகத்துக்கு வந்தது.

"மாமா, சாம்பிராணிக்கே கண்ணு இப்படி எரியுதே" என்று இருமினான்.

கதவைத் திறந்தேன், புகை சமர்த்தாகக் குழாய்க்குள் ஏறியது. சாத்தினேன், திரும்பி வந்தது. காற்று உள்ளே வர வழியே இல்லாத அறையிலிருந்து காற்று எப்படி வெளியே போகும்? புதன்கிழமை சோதித்தபோது சன்னல்கள் திறந்திருந்தன. அதுவும் போகட்டும், பலகை இடுக்கு வழியாக அந்த வீடு விட்டுக்கொண்டிருந்த மூச்சைத் தார் ஊற்றி அடைத்தவன் நானேதான். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன்! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சாம்பிராணி இருக்காக்கா?" என்று கேட்டேன். எனக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக நினைத்து ஒரு பொட்டலமே கொண்டுவந்து கொடுத்தார். இருட்டும்வரை கொளுத்திக் கொளுத்திப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அறையைத் திறந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை அதிகாரி வந்ததும், சன்னலைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த நாலு ஜப்பானிய வார்த்தையிலும் கையாலும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவர் கட்டளையை மாற்றச் சொல்ல நான் யார்? மச்சான் சுவரோரம் வெளிறிப்போய் நின்றான்.

ஆணி போட்டு வைத்திருந்த பழைய பால் டின் கண்ணில் பட்டது. கடையில் டின் பாலுக்கு எப்போதும் இரண்டு ஓட்டை போடுவார்கள். ஒன்று பால் வர, ஒன்று காற்றுப் போக. இது தெரியாத ஆள் மலாக்காவில் கிடையாது. ஆணிகளைக் கொட்டிவிட்டு, அடியில் ஒரே ஓர் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தித் தூக்கிப் பிடித்தேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. கையை எடுத்தேன். சர்ரென்று ஊற்றியது. குழாயைக் காட்டினேன், மூடிய சன்னலைக் காட்டினேன், கடைசியாக மச்சானைக் காட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் காட்டினேன்.

அவர் டின்னைப் பிடுங்கிக்கொண்டார். இன்னோர் அறை என்றுதான் நினைத்தேன். தண்ணீர் நிரப்பி, பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். பிறகு சன்னலைக் காட்டி, அது கூடாது என்று தலையாட்டிவிட்டுத் தரையைக் காட்டினார். மனிதர் முட்டாள் இல்லை. தூண் மேல் நிற்கும் வீடு. சன்னலோரம் இரண்டு பலகையைப் பெயர்த்தால் கீழிருந்து காற்று வரும், யார் கண்ணும் படாது. அரை மணி நேர வேலை. அதற்குத்தான் இவ்வளவு பாடு.

ஜப்பான்காரன் போகும்வரை மச்சான் அந்த அலமாரி முன்னால்தான் நின்றான். தினமும் சாயங்காலம் ரப்பர் எண்ணெய் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவான். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்று விரட்டுவாள். நான் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவன் படியேறி வருவதே எனக்குப் போதும்.

அந்த அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறந்துவிட்டதோடு சரி. வாங்கிய அறை என்றைக்கோ மறந்துவிட்டது. ஆனால் நான் போட்ட கத்தலுக்குப் பயந்து அன்று அவர் பேசாமல் திரும்பிப் போயிருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவியிடம் அவள் தம்பியின் சட்டையை மட்டும்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பேன் என்பது இன்றுவரை மறக்கவில்லை.