சட்டசபை அனுமதித்த ஒரு பெயர்

1. பதில் சொல்லாத சாட்சி

கண்டி பொலிஸ் கோர்ட்டில் நான் முதன்முதலாகச் சாட்சிக்கூண்டில் ஏறிய அன்று, முதல் கேள்விக்கே பதில் சொல்ல மறுத்தேன்.

"கணக்கப்பிள்ளை அடிபட்ட காலையில் இந்த மனிதரை எங்கே பார்த்தீர்கள்?" என்று, குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்காக வாதாடிய புரொக்டர் கேட்டார்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. சட்டசபை அலுவலகத்தில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். வீடு கண்டி மஹய்யாவையில், வேலை கொழும்பில். தோட்டத் தொழிலாளரின் குறைகளை விசாரிக்க சபை ஒரு குழுவை அமைத்திருந்தது. அது கண்டியில் கூடியபோது என்னையும் அனுப்பினார்கள். கதவை மூடித்தான் விசாரணை. வந்தவர்களின் பெயர் வெளியே போகாது என்று குழு வாக்குக் கொடுத்திருந்தது. தோட்டத்துக்குத் தெரிந்தால் அவர்களுக்கு அங்கே இடமில்லை.

அப்படி மடுல்கெல்லத் தோட்டமொன்றிலிருந்து ஒரு காலை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சின்னமுத்து. மற்ற இருவரின் பெயரை இன்றும் எழுதமாட்டேன்.

அதே காலையில் தோட்டத்தில், பனிமூட்டத்துக்குள், யாரோ பின்னாலிருந்து, ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் தலையில் தடியால் அடித்துவிட்டார்கள். முந்திய வாரம் சின்னமுத்து அவரோடு வாய்த்தர்க்கம் செய்திருந்தார். அன்று வேலைக்கும் வரவில்லை. அடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று பொலிசார் வழக்குப் போட்டார்கள்.

அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குழுவின் முன் கண்டதையும் கேட்டதையும் சபையின் அனுமதியில்லாமல் எந்தக் கோர்ட்டிலும் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு விதி. அதைச் சொன்னதும் நீதவான் முகம் சுளித்தார். பிறகு வழக்கைத் தள்ளிவைத்து, அனுமதி கேட்டு வரச் சொன்னார்.

2. பெரிய கிளாக்கரின் யோசனை

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"ஐயா, செய்யாத குத்தத்துக்கு அந்த மனுசன் மறியலுக்குப் போயிருவார்" என்றேன்.

"ஓம், விளங்குது. ஆனா நாங்கள் எல்லாத்தையும் சொன்னால், நாளைக்கு எங்களிட்ட ஒருத்தரும் வரமாட்டினம். அதையும் யோசியும்."

விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"சபையிட்ட முழு அனுமதி கேக்கவேண்டாம். ஒரு பேர், ஒரு காலமை. அவ்வளவுதான் கேப்பம். அதுக்கு முதல் அவரிட்டக் கேளும். அவற்ற பேரைச் சொன்னா தோட்டத்தில இருக்க விடுவினமோ?"

புரொக்டரோடு மறியலுக்குப் போய், சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். சின்னமுத்து யோசிக்கவே இல்லை.

"என் பேரச் சொல்லுங்கய்யா, பரவாயில்ல. கூட வந்தவங்க பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. ஒருத்தங்களுக்குக் கைப்பிள்ள இருக்கு."

"வழக்கை நடத்துற இன்ஸ்பெக்டர் கேட்டா?" என்றார் புரொக்டர்.

"அவங்க பேரு வந்துதான் நான் வெளிய வரணும்னா, நான் உள்ளயே இருந்துக்கிறேங்க."

அவர் சொன்னதை அப்படியே பெரிய கிளாக்கரிடம் சொன்னேன். "நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

தீர்மானம் சபைக்கு வந்த அன்று பின்வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "நாம் கொடுத்த வாக்கை நாமே மீறுவதாகாதா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். "வாக்கு யாருக்குக் கொடுத்தோமோ, அவரே கேட்கிறார்" என்று முன்மொழிந்தவர் பதில் சொன்னார். பிறகு யாரும் ஆட்சேபிக்கவில்லை; தீர்மானம் நிறைவேறியது. சட்டென்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

3. இரண்டாம் முறை

இந்த முறை சொன்னேன். அந்தக் காலையில் சின்னமுத்து கண்டியில், குழுவின் முன்னால், எனக்கு எதிரே நின்றார். அவர் பேசியதை மொழிபெயர்த்தவன் நான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "என்ன பேசினான்?"

"அதற்கு அனுமதி இல்லை."

"தனியாகவா வந்தான்?"

கோர்ட் வாசலில் தோட்டத்து ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தில், இடுப்பில் பிள்ளையோடு, அன்று சின்னமுத்துவோடு குழுவின் முன் வந்த பெண்ணும் நின்றாள். அடிபட்ட கணக்கப்பிள்ளை தலையில் கட்டோடு அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தார். நான் நீதவானின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சபை எனக்கு அனுமதித்தது ஒரு பெயரை மட்டும்" என்றேன்.

"பாதி சொல்லுகிற சாட்சியை எப்படி நம்புவது?" என்று இன்ஸ்பெக்டர் நீதவானிடம் முறையிட்டார்.

நீதவான் சபையின் தீர்மானத்தை இரண்டு முறை வாசித்தார்.

"எதிரி அன்று தோட்டத்தில் இருந்தாரா என்பதுதான் என் முன்னால் உள்ள கேள்வி. அவர் கண்டியில் இருந்தார். மற்றது எனக்குத் தேவையில்லை" என்றார். சின்னமுத்துவை விடுதலை செய்தார்.

வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க பேரு வரலைங்களே?" என்று கேட்டார். வரவில்லை என்றதும்தான் சிரித்தார். பிள்ளையோடு நின்ற பெண் எங்களைக் கடந்து போனாள். நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. அது போதும்.

4. அதன் பிறகு

எதிர்பார்த்தபடி தோட்டம் சின்னமுத்துவுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் குடும்பத்தோடு நாவலப்பிட்டிக்குப் போய் ரயில் பாதை வேலையில் சேர்ந்தார். ஒருமுறை அந்த வழியாகப் போனபோது ஸ்டேஷனில் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. "இங்க பனி கொறச்சலுங்க" என்றார்.

புதிதாக உத்தியோகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அனுமதி கைக்கு வந்ததும், அது எதைச் சொல்ல விடவில்லை என்பதை முதலில் பாருங்கள். அந்த எல்லைக்கு அப்பாலும் மனிதர்கள் இருப்பார்கள்.

குழு மறுபடி கண்டியில் கூடியபோது, இனி யார் வரப்போகிறார்கள் என்ற கவலையோடுதான் போனேன். பெரிய கிளாக்கர் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். முற்றம் நிறையத் தோட்டத்து ஆட்கள்.

"இத்தனை பேருக்குக் கதிரை காணாது" என்றார். "உள்ளுக்க இருக்கிற நீள வாங்குகளையும் எடுத்துப் போடச் சொல்லும்."